பழைய மெயில் மென்பொருளிலிருந்து புதுக் கம்ப்யூட்டருக்கு: ஒரு கடிதம்கூடத் தொலையாமல் மாறுவது எப்படி

காரைக்குடியில் எங்கள் எதிர்வீட்டு ஆச்சிக்குப் பேரன் புது லேப்டாப் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். விண்டோஸ் 11. மறுநாள் காலையிலேயே எனக்கு ஆள் வந்தது. போனால் முகப்பில் புது லேப்டாப் ஒரு மேசையில், பழைய விண்டோஸ் 7 பெட்டி இன்னொரு மேசையில், நடுவில் ஆச்சி. "தம்பி, எல்லாம் சரிதான். என் லெட்டரெல்லாம் இதுல எங்கன இருக்கு?" என்று கேட்டார்கள்.

லெட்டர் என்றால் சாதாரணமாக இல்லை. மலேசியாவில் ஈப்போவில் இருக்கும் தம்பியோடு இருபது வருடத்துக்கு மேல் எழுதியது, கோயில் புள்ளிக் கணக்கு, மகள் கல்யாணச் சாமான் பட்டியல், தளத்துக்கு ஆத்தங்குடிக் கல் மாற்றியபோது எடுத்த படங்கள் என்று இருந்ததில் பிந்தையவை எல்லாம் விண்டோஸ் லைவ் மெயில் என்ற பழைய மெயில் மென்பொருளுக்குள் உட்கார்ந்திருந்தன. அதற்கும் முந்தையவை ஒரு விண்டோஸ் எக்ஸ்பி டப்பாவில், அவுட்லுக் எக்ஸ்பிரஸில். அந்த டப்பா இரண்டாம் கட்டில் ஒரு அறையில் துணி போர்த்திக் கிடந்தது. நல்லவேளை, யாரும் பழைய இரும்புக்குப் போட்டுவிடவில்லை.

மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளில் செய்ததை, இன்னொருவர் வீட்டில் செய்யும்போது தடுமாறாமல் இருக்க, வரிசையாக எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை

பழைய கம்ப்யூட்டரை யாரிடமும் கொடுக்காதீர்கள், ஃபார்மேட் செய்ய விடாதீர்கள், "கொஞ்சம் ஸ்பீடாக்கித் தர்றேன்" என்பவரிடம் அனுப்பாதீர்கள். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை இப்படித்தான் ஒரு கடையில் கொடுத்தேன். மை டாக்குமென்ட்ஸை எல்லாம் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு மற்றதை அழித்துத் தந்தார்கள். மெயில் இருந்தது மை டாக்குமென்ட்ஸில் இல்லை. அப்பா எழுதிய கடிதங்கள் அத்தோடு போயின. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, நான் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை.

இந்தப் பழைய மென்பொருள்கள் கடிதங்களை நாம் எதிர்பார்க்கிற இடத்தில் வைப்பதில்லை, மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டருக்குள் வைக்கின்றன. அதோடு, அந்தக் காலத்தில் பெரும்பாலும் பாப் முறையில்தான் மெயிலை இறக்கினோம். பாப் என்றால் தபால்காரர் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவது மாதிரி, சர்வரில் (மெயில் நிறுவனத்தின் கம்ப்யூட்டரில்) நகல் பெரும்பாலும் தங்காது. "சர்வரில் ஒரு நகல் விட்டுவை" என்று அமைப்பில் இருந்தால்தான் தங்கும், அதை யார் பார்த்தோம்? ஆகவே ஜிமெயிலில் போய்ப் பார்த்தால் எல்லாம் இருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். பிரவுசரில் உள்ளே போய், பத்து வருடம் முந்தைய ஒரு கடிதத்தைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. கிடைக்கவில்லை என்றால் உலகத்திலேயே ஒரே பிரதி அந்தப் பழைய பெட்டியில்தான் இருக்கிறது. அனுப்பிய கடிதங்களையும் தேடுங்கள், பாப் முறையில் அவை பெரும்பாலும் உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கும்.

பழையதையே புதியதில் போட்டால் என்ன?

எல்லாரும் கேட்பது இது. ஆச்சியும் கேட்டார்கள், "அந்த மெயிலையே இதுல போட்டுடேன்" என்று.

அவுட்லுக் எக்ஸ்பிரஸ் எக்ஸ்பியோடு முடிந்துபோன கதை. விஸ்டாவில் அது விண்டோஸ் மெயில் ஆனது, அப்புறம் விண்டோஸ் லைவ் மெயில் வந்தது. லைவ் மெயில் இருந்த எசென்ஷியல்ஸ் 2012 தொகுப்புக்கு மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரி 10 அன்று ஆதரவை நிறுத்திவிட்டது, இறக்கிக்கொள்ளவும் அவர்கள் தளத்தில் இப்போது கிடையாது. வேறு தளங்களில் கிடைக்கிறதே என்றால், கிடைக்கும், கூட என்ன சேர்ந்து வரும் என்பது வேறு விஷயம்.

சரி, எப்படியோ போட்டுவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். ஜிமெயில் 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளில் வெறும் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழையும் பழைய முறையை நிறுத்திவிட்டது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, இதற்கென்று கூகுள் தனியாகத் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்று வாங்கி, அதைப் பழைய மென்பொருளில் கொடுத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஓடும்வரை ஓடும். அவுட்லுக் டாட் காம், ஹாட்மெயில் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16 முதல் அந்தப் பழைய நுழைவு முறையே இல்லை. எக்ஸ்பி கால அவுட்லுக் எக்ஸ்பிரஸுக்கோ இன்னொரு தடை, இன்றைய சர்வர்கள் பேசும் பாதுகாப்பு மொழியே அதற்குத் தெரியாது. டிஎல்எஸ் 1.2 கேட்கும் இடத்தில் அது 1.0 வரைதான் படித்திருக்கிறது.

ஆகவே பழைய மென்பொருளை இனி கடிதங்களை வெளியே எடுக்க மட்டும் பயன்படுத்துங்கள். புது மெயில் வாங்க வேண்டாம்.

எதில் இருக்கிறது என்று பாருங்கள்

மென்பொருளைத் திறந்து ஹெல்ப் மெனுவிலோ ஃபைல் மெனுவிலோ இருக்கும் அபவுட் என்பதைத் தட்டினால் பெயர் தெரியும். வீட்டில் எல்லாரும் பொதுவாக "அவுட்லுக்" என்பார்கள், ஆனால் அவுட்லுக் வேறு, அவுட்லுக் எக்ஸ்பிரஸ் வேறு. பெயரில்தான் உறவு, கடிதம் வைக்கும் விதத்தில் சம்பந்தமே இல்லை.

அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ஒவ்வொரு ஃபோல்டரையும் ஒரே டிபிஎக்ஸ் கோப்பாக வைக்கும். இன்பாக்ஸில் உள்ள ஐயாயிரம் கடிதமும் ஒரே கோப்பு, அந்தக் கோப்பு 2 ஜிபியைத் தொட்டால் கெட்டுப்போகும். லைவ் மெயிலும் விஸ்டாவின் விண்டோஸ் மெயிலும் கடிதத்துக்கு ஒரு இஎம்எல் கோப்பு வைக்கும், இதுதான் நமக்கு வசதி. ஆபீஸோடு வரும் அவுட்லுக் பிஎஸ்டி கோப்பில் வைக்கும். யூடோரா வைத்திருந்தவர்களும் நம் பக்கம் உண்டு, அது 2006லேயே கைவிடப்பட்டது, அதன் கோப்புகள் எம்பாக்ஸ் (பல கடிதங்களை ஒரே கோப்பில் வைக்கும் முறை) வடிவத்துக்குக் கிட்டத்தட்ட இருப்பதால் மீட்கலாம்.

எதையும் தொடும் முன் ஒரு நகல்

அவுட்லுக் எக்ஸ்பிரஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மெயின்டெனன்ஸ், ஸ்டோர் ஃபோல்டர் என்று போனால் கடிதங்கள் இருக்கும் இடத்தின் முகவரி நீளமாகத் தெரியும். அதை அப்படியே நகலெடுத்து ஸ்டார்ட் மெனுவின் ரன் பெட்டியில் ஒட்டி என்டர் தட்டினால் அந்த ஃபோல்டர் திறக்கும். லைவ் மெயிலிலும் மெயில் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு, மெயின்டெனன்ஸ், ஸ்டோர் ஃபோல்டர். திறந்தபின் மெயில் மென்பொருளை மூடுங்கள், மூடாமல் நகலெடுத்தால் பாதிக் கோப்பு வரும். முழு ஃபோல்டரையும் பென் டிரைவில் ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்கில் ஒன்று என்று இரண்டு நகல் எடுங்கள்.

பென் டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. பெரிய பிஎஸ்டி வைத்திருப்பவர்கள் இங்கேதான் "இடம் இருக்கிறது, ஆனால் போகமாட்டேன் என்கிறது" என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள் (பென் டிரைவைத்தான், கம்ப்யூட்டரை இல்லை), எக்ஸ்பியும் அதைப் படிக்கும்.

நகல் எடுக்கும் முன்பு அவுட்லுக் எக்ஸ்பிரஸ் "கம்பாக்ட் செய்யட்டுமா" (கோப்பைச் சுருக்கட்டுமா) என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய டிஸ்க், பழைய கோப்பு, நடுவில் கரண்ட் போனால் முடிந்தது. கரண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது, யுபிஎஸ் பேட்டரி செத்துப்போன பழைய பெட்டிகளை இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

பெட்டியே ஆன் ஆகவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். உள்ளிருக்கும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டர் வழியாகப் புது லேப்டாப்பில் மாட்டினால் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் மாதிரித் தெரியும். டிஸ்கின் இணைப்பு வகை ஐடிஇயா சாட்டாவா என்று பார்த்து அடாப்டர் வாங்குங்கள், எக்ஸ்பி காலத்து டிஸ்க்குகளில் பல ஐடிஇ. பழைய யூசர் ஃபோல்டரைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று வந்தால் கன்டின்யூ தட்டுங்கள், விட்டுவிடும். மறைந்த கோப்புகளைக் காட்டும்படி வியூ மெனுவில் மாற்றவும் மறக்காதீர்கள்.

எண்ணிக்கைக் குறிப்பு

ஒவ்வொரு ஃபோல்டரிலும் எத்தனை கடிதம் என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். ஆச்சி மொய் நோட்டு மாதிரி இரண்டு பத்தி போட்டு, இடது பக்கம் பழைய பெட்டியின் எண்ணிக்கை, வலது பக்கம் காலி என்று எழுதிவிட்டார்கள். இந்த நோட்டு இல்லாமல் வேலையை ஆரம்பிக்காதீர்கள், பின்னால் "எல்லாம் வந்ததா" என்ற கேள்விக்கு வேறு எதுவும் பதில் சொல்லாது.

வெளியே எடுப்பது

லைவ் மெயிலில் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் இமெயில், இமெயில் மெசேஜஸ், விண்டோஸ் லைவ் மெயில் வடிவம் என்று தேர்ந்தெடுத்து ஒரு காலி ஃபோல்டரைக் காட்டுங்கள். எல்லா ஃபோல்டர்களும் இஎம்எல் கோப்புகளாக வந்து விழும். இடது பக்கம் கீழே ஸ்டோரேஜ் ஃபோல்டர்ஸ் என்று தனியாக ஒரு பகுதி இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். நாமாக இழுத்துப் பத்திரப்படுத்திய கடிதங்கள் அங்கேதான் இருக்கும், அவை எந்தச் சர்வரிலும் இல்லாதவை. ஆச்சியின் கல்யாணப் பட்டியல் முழுவதும் அதில்தான் இருந்தது.

அவுட்லுக் எக்ஸ்பிரஸில் எக்ஸ்போர்ட் மெனு நமக்கு உதவாது. டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரைத் திறந்துவைத்து, இன்பாக்ஸில் கன்ட்ரோல் ஏ அடித்து எல்லாக் கடிதத்தையும் தேர்ந்தெடுத்து, மவுஸால் அப்படியே இழுத்து அந்த ஃபோல்டரில் போடுங்கள். இஎம்எல் கோப்புகளாக விழும். பழைய மெஷின் திணறினால் ஐந்நூறு ஐந்நூறாக இழுங்கள். இன்னொரு வழியும் உண்டு: லைவ் மெயில் இருக்கும் கம்ப்யூட்டரில், இம்போர்ட் மெசேஜஸில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் 6 என்று தேர்ந்தெடுத்து டிபிஎக்ஸ் ஃபோல்டரைக் காட்டினால் அது உறிஞ்சிக்கொள்ளும். ஆச்சி வீட்டில் விண்டோஸ் 7 பெட்டி உயிரோடு இருந்ததால் இப்படித்தான் செய்தேன். எக்ஸ்பியிலிருந்து 7க்கு, 7லிருந்து 11க்கு, படிக்கட்டு மாதிரி.

ஆபீஸ் அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு: பழைய கம்ப்யூட்டரிலேயே தண்டர்பேர்டு என்ற இலவச மெயில் மென்பொருளைப் போட்டு, அவுட்லுக்கிலிருந்து இம்போர்ட் செய்துவிட்டு, தண்டர்பேர்டின் புரொஃபைல் ஃபோல்டரை (கடிதங்களும் அமைப்புகளும் இருக்கும் இடம்) புதியதற்குக் கொண்டுபோவது சுலபம். விண்டோஸ் 7இல் ஓடும் கடைசித் தண்டர்பேர்டு 115.

முகவரிப் புத்தகத்தைத் தனியாக சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) கோப்பாக எடுங்கள். பெயர்களைத் தமிழில் வைத்திருந்தால், எடுத்த கையோடு நோட்பேடில் திறந்து பாருங்கள், கேள்விக்குறி வரிசையாகத் தெரிந்தால் உட்கார்ந்து கையால் எழுதுவதுதான் வழி. நூறு பெயருக்குள் என்றால் அதுவே சீக்கிரம் முடியும்.

புதியது எது?

நான் தண்டர்பேர்டுதான் சொல்வேன். இலவசம், முதல் பதிப்பு 2004இல் வந்தது, இன்னும் தொடர்ந்து வளர்க்கிறார்கள், இஎம்எல்லைத் திறக்கும், சர்வரோடு சம்பந்தமில்லாத லோக்கல் ஃபோல்டர்ஸ் என்ற இடம் அதில் உண்டு. விண்டோஸ் 11 தன்னோடு கொண்டுவரும் புது அவுட்லுக்கும் இலவசம்தான், ஆனால் விளம்பரம் காட்டும், ஜிமெயில் கணக்கைச் சேர்த்தால் அந்த மெயில்களின் நகலை மைக்ரோசாஃப்ட் சர்வரிலும் வைத்துக்கொள்ளும். அது பரவாயில்லை என்பவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. முன்பு விண்டோஸில் இருந்த சின்ன மெயில் ஆப்பைத் தேடாதீர்கள், 2024 கடைசியோடு அதற்கு விடை கொடுத்தாயிற்று.

தண்டர்பேர்டு டாட் நெட் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். திறந்ததும் பெயர், மெயில் முகவரி கேட்கும். ஐமேப்பா பாப்பா என்று வரும்போது ஐமேப். இதில் கடிதம் சர்வரிலேயே இருக்கும், நம் திரையில் அதைப் பார்க்கிறோம், போனிலும் அதே கடிதம் தெரியும், அடுத்த கம்ப்யூட்டர் மாற்றும்போது இந்தக் கூத்து வேண்டியதில்லை. ஜிமெயில் என்றால் கூகுளின் நுழைவுப் பக்கம் திறக்கும், அங்கே வழக்கமான பாஸ்வேர்டு போதும், ஆப் பாஸ்வேர்டு வேண்டாம். வேறு நிறுவனத்து முகவரி என்றால் அவர்களிடம் சர்வர் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள், வரும் மெயிலுக்குப் பெரும்பாலும் போர்ட் 993, போகும் மெயிலுக்கு 465 அல்லது 587.

உள்ளே கொண்டுவருவது

தண்டர்பேர்டில் ஆட்ஆன்ஸ் (கூடுதல் வசதிகள்) பகுதிக்குப் போய் இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி என்பதைத் தேடிச் சேருங்கள். பின்பு லோக்கல் ஃபோல்டர்ஸுக்குக் கீழே "பழையது" என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, அதன்மேல் வலது கிளிக் செய்தால் இந்த ஆட்ஆன் மெனு வரும். ஒரு டைரக்டரியில் உள்ள எல்லா மெசேஜையும், அதன் உட்பிரிவுகளோடு சேர்த்து இம்போர்ட் செய்யும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். நேராக எல்லாவற்றையும் கொட்டாதீர்கள், ஐம்பது கடிதம் உள்ள சின்ன ஃபோல்டர் ஒன்றை முதலில் விட்டுப் பாருங்கள். தேதி சரியாக இருக்கிறதா, இணைப்புப் படம் திறக்கிறதா, இரண்டும் சரி என்றால் மற்றவை. லைவ் மெயிலிலிருந்து வந்த சில ஃபோல்டர்களின் பெயர் பாதி வெட்டுப்பட்டு, பின்னால் ஏதோ எண்ணோடு தெரியலாம், பயப்பட வேண்டாம், பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது மொய் நோட்டின் வலது பக்கத்தை நிரப்புங்கள். எங்களுக்கு ஒரு ஃபோல்டரில் 14 குறைந்தது. பெயர் மிக நீளமாக இருந்த கோப்புகள் நகலாகும்போதே விடுபட்டிருந்தன, பெயரைச் சுருக்கி மறுபடி விட்டதும் வந்துவிட்டன.

பழைய கடிதங்களை லோக்கல் ஃபோல்டர்ஸிலேயே விட்டுவிடலாம். போனிலும் தெரிய வேண்டும் என்றால் ஜிமெயில் கணக்கில் ஒரு ஃபோல்டர் திறந்து அதில் நகலெடுங்கள். இழுத்து நகர்த்தாதீர்கள், காப்பி டூ. இருநூறு முந்நூறாகப் போடுங்கள், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் ஏற்றலாம் என்று கூகுள் வரம்பு வைத்திருக்கிறது, அவசரப்பட்டால் கணக்கைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கும். இலவச இடம் 15 ஜிபி, அதில் போட்டோவும் டிரைவும் அடக்கம்.

செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. முகப்பில் வைத்த வைஃபை இரண்டாம் கட்டுக்கு வராது, அந்தச் சுவர் அப்படி. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரூட்டர் பக்கத்திலேயே போய் உட்காருங்கள், முடிந்தால் லேன் கேபிள் மாட்டுங்கள். நாங்கள் முதல் நாள் உள்முற்றத்து வளவில் உட்கார்ந்து நாலு மணி நேரம் வீணடித்தோம்.

தமிழ்க் கடிதங்கள் கிறுக்கலாகத் தெரிந்தால்

எல்லாம் வந்தாயிற்று என்று ஆச்சி தம்பியின் பழைய கடிதத்தைத் திறந்தார்கள். தலையில் புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துக்கள், நடுவே கால் அரை முக்கால் என்று பின்னங்கள். "என்னப்பா இது, கெட்டுப்போச்சா?" முகம் வாடிவிட்டது.

கெடவில்லை. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் பரவும் முன்பு தமிழுக்கு ஒரே குறியீடு இல்லை. மலேசியா, சிங்கப்பூரிலிருந்து எழுதியவர்கள் பலர் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளில் தட்டினார்கள், மின்னஞ்சலில் டிஸ்கி என்ற குறியீடு ஓடியது. இங்கே 1999இல் சென்னை மாநாட்டுக்குப் பின் டாப், டாம் என்று இரண்டு வந்தன. டிஸ்கியிலும் டாபிலும் ஆங்கிலத்துக்கு மேலே காலியாக இருந்த 128 இடங்களில் தமிழைக் குடியேற்றினார்கள், டாம் ஆங்கில எழுத்துக்களின் இடங்களையும் எடுத்துக்கொண்டது. அதற்கான எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் கிறுக்கல். புதுக் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான் சங்கதி.

முதலில் தண்டர்பேர்டின் வியூ மெனுவில் ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங் தட்டிப் பாருங்கள், யூனிகோடில் எழுதியும் தலைப்பில் குறியீடு சொல்லாமல் விட்ட கடிதங்கள் இதிலேயே நேராகிவிடும். டிஸ்கிக்கு இது உதவாது. கடித வாசகத்தை நகலெடுத்து என்எச்எம் கன்வர்ட்டரிலோ பொங்குதமிழ் மாற்றியிலோ ஒட்டி, டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு என்று தேர்ந்தெடுங்கள். எந்தக் குறியீடு என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், சரியானதைத் தொட்டதும் தமிழ் தானே எழுந்து நிற்கும். மாற்றியதைத் தேதியோடு ஒரு டாக்குமென்டில் சேமியுங்கள், மூலக் கடிதத்தை அழிக்காதீர்கள். நானும் ஆச்சியும் ஒரு சாயங்காலத்தில் முப்பது கடிதம் மாற்றினோம், மாற்றுவதற்குப் பத்து நிமிடம், மற்றதெல்லாம் அவர்கள் வாசித்துக் காட்டியது.

புதிதாகத் தமிழில் எழுத விண்டோஸ் 11இன் மொழி அமைப்பிலேயே தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் உண்டு, தனியாக எதுவும் போட வேண்டாம்.

கடைசியாகச் சில வேலைகள்

இன்டர்நெட் இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் பழைய மெயில் முகவரியை வைத்திருந்தால், அதை விடும் முன் வங்கி, காப்பீடு, வருமான வரி என்று ஓடிபி வரும் இடங்களில் முதலில் மாற்றுங்கள். உறவினர்களுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், அவர்கள் போனிலாவது பிடிப்பார்கள்.

பழைய பெட்டியை மூன்று மாதமாவது வைத்திருங்கள். விற்பதானால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக்கொண்டு விற்கவும். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பீங்கானும் பெட்டியும் விலைபோகும், உங்கள் வீட்டுக் கடிதம் அங்கே போக வேண்டியதில்லை.

லோக்கல் ஃபோல்டர்ஸில் இருப்பதற்கு இப்போதும் சர்வரில் நகல் கிடையாது என்பதால் தண்டர்பேர்டுக்கும் நகல் வேண்டும். ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷனில் புரொஃபைல் ஃபோல்டரைத் திறக்கும் பட்டன் இருக்கும். திறந்துவிட்டுத் தண்டர்பேர்டை மூடி, அந்த ஃபோல்டரை எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு நகலெடுங்கள். டூல்ஸ் மெனுவில் எக்ஸ்போர்ட்டும் உண்டு, 2 ஜிபிக்கு மேல் போனால் அது கைவிரித்துவிடும். ஆச்சி தமிழ் மாதம் பிறக்கும்தோறும் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். டிஸ்கை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "வெள்ளிச் சாமானோட, பெட்டகத்துல" என்றார்கள்.